இடது கைக்கு மட்டும்

கூத்தாநல்லூர் ஜெய்த்தூன் மெடிக்கல்ஸில்
இருமல் மருந்துக்கும் குழந்தைப் பவுடருக்கும் நடுவே
ஒரு பிளாஸ்டிக் டப்பா.
எதை எடுத்தாலும் முப்பத்தைந்து.
ஹாஜா பாய் சீட்டிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்வார்:
"தெறந்து பாக்கக் கூடாதும்மா."
முட்டையைப் பார்ப்பதுபோல்
வெளிச்சத்துக்குத் தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

பெயர் கிடையாது, எண்தான்.
பெயரை நான் வைத்துக்கொள்கிறேன்.

ஐம்பத்தேழு: மழையில் நின்ற தபால்பெட்டி.
இரண்டு பூச்சாவது வேண்டும்,
ஒன்றோடு நிறுத்தினால் வெற்றிலைக் கறை.
நூற்றுப் பன்னிரண்டு: பங்குனி வாய்க்கால்.
மேட் என்கிறார்கள். ஈரத்தில் ஒரு மினுக்கம்,
காய்ந்ததும் வண்டல்.
எண்பது பாட்டிலுக்குள் புதுத் தண்ணீர்,
நகத்தில் ஏறினால் ஆகாயத்தாமரை தேங்கிய மதகு.
முப்பத்தைந்து ரூபாயாயிற்றே என்று
கால் சுண்டுவிரலுக்குக் கொடுத்தேன்.
பதினான்கு ஏ: நெல் லாரி போனபின்
ஹெட்லைட்டில் மிதக்கும் தூசி.
பூசுவது சுலபம்.
அழிக்கப் பஞ்சை எவ்வளவு அழுத்தினாலும்
ஒரு துகள் போகாது,
போன தீபாவளியிலிருந்து கூடவே இருக்கிறது.

எல்லாம் இடது கையில், விரலுக்கு ஒன்று.
வலது கையில் பூச எனக்கு வராது.
அது வேலைக்கான கை:
காலையில் அதன் கட்டைவிரலை வைத்தால்தான்
ரேஷன் கடை மெஷின் கண்ணைத் திறக்கும்.
பிறகு நாள் முழுக்க அடுத்தவர் விரல்கள்.
பிடித்து, திருப்பி, கண்ணாடியில் அழுத்தி.
திங்கள் பூசியது புதனுக்குள் நுனி பேர்ந்துவிடும்.
பாமாயில் பாக்கெட் ஒழுகும் நாளென்றால் செவ்வாயே.

குறுவை நடவு முடிந்த வாரம்.
நட்ட கைகளை மெஷினுக்கு அடையாளம் தெரிவதில்லை.
ரேகையைச் சேறு தின்றிருக்கும்.
நகத்தில் மட்டும்
சேற்றுப்புண்ணுக்கு வைத்த மருதாணி கருத்து நிற்கும்.
விரலைத் தலையில் தேய்த்து எண்ணெயேற்றி
மறுபடி வைப்பார்கள்.
பொருந்தவில்லை, பொருந்தவில்லை
என்று மூன்று முறை சொல்லிவிட்டு
அன்றைக்கு சர்வரும் படுத்துக்கொண்டது.

வரிசையில் முதல் ஆள் பாக்கியவதி.
நான் அவள் விரலைப் பிடித்ததுபோலவே
என் இடது கையைப் பிடித்துத் திருப்பினாள்.
"மினுக்குதே, இது என்னா?"
"பதினாலு ஏ."
"எங்கூட்டு கதவு நம்பருல்ல அது!"
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
"சேத்துல நிக்குமா?"

தெரியவில்லை.
மேசை டிராயரில் பாட்டில் இருந்தது.
சர்வர் வர நாற்பது நிமிடம் ஆனது.
"அரிசி போடுற எடமா, கல்யாண வூடா"
என்றார் சைக்கிளில் கால் ஊன்றி நின்ற ஒருவர்.
இருபது கிலோ மூட்டையைத் தலையில் ஏற்றி
ஒரு கையால் தாங்கிப் போனாள்.
லெட்சுமாங்குடிப் பாலம் திரும்பும்வரை
அந்தக் கட்டைவிரல் தெரிந்தது.

எட்டாம் நாள் வந்தாள், சர்க்கரை வாங்க.
கையைக் கவுண்டரில் வைத்தாள்.
"ஆறு ஏக்கரு. ஓரம் போச்சு, நடுவுல நிக்கிது பாரு."
முந்தானை முடிச்சிலிருந்து முப்பத்தைந்து ரூபாய்.
"எனக்கு அந்தச் செவப்பு வாங்கியா.
ஆமா, நீ ஏன் ஒரு கைக்கு மட்டும் பூசுற?"
சொன்னேன்.
"நீட்டு."

நாற்றைப் பிடிக்கிற பிடி.
நகம், நகக்கண், தோல், விரல்நுனி
வரப்பு பார்க்காமல் பூசிக்கொண்டே போனாள்,
ஐம்பத்தேழு, மூன்று பூச்சு,
ஊதி வேறு விட்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக்
கடையைத் திறந்து கட்டைவிரலை வைத்தேன்.
பொருந்தவில்லை.
துடைத்து வைத்தேன்.
பொருந்தவில்லை.
வரிசை பார்த்துக்கொண்டிருந்தது.
விரலைத் தலையில் தேய்த்துக்கொண்டேன்.